குழந்தையின் ஒலிப்பெட்டியில் நம் வீட்டுப் பாட்டு

தாலாட்டு என்னும் சொல்லின் முதலில் நிற்கும் ‘தால்’ என்பதற்கு நா என்பது பொருள். நாவை அசைத்துப் பாடுவதால் அப்பெயர் வந்தது என்பர். பிள்ளைத்தமிழ் நூல்களிலும் காப்பு, செங்கீரை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாகத் தாலப்பருவம் நிற்கிறது. பாடுவதற்கு ஒரு நாவும் கேட்பதற்கு ஒரு குழந்தையும் ஒரே கூரையின்கீழ் இருந்தவரை தாலாட்டுக்குக் குறைவு நேரவில்லை. இன்றோ பாட்டி தோட்டத்தில் இருக்கிறார். பேரப்பிள்ளை நகரத்து அடுக்குமாடி வீட்டில் வளர்கிறது. பாட்டியின் இடத்தில் ஒலிப்பெட்டி வந்து அமர்ந்திருக்கிறது. அப்பெட்டியில் நாம் விரும்பும் பாட்டை நாமே ஏற்றுவது எவ்வாறு, ஏற்றுவது ஏன் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

குழந்தைப் பாட்டும் ஒலிப்பதிவும் தொடக்கம் முதலே உறவுடையவை. 1877-ஆம் ஆண்டு எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியைச் சோதித்தபோது அதில் பேசியது ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஒரு மழலைப் பாட்டே. மறு ஆண்டு, இக்கருவி எவற்றுக்கெல்லாம் பயன்படும் என்று அவர் எழுதியபோது, விளையாட்டுப் பொம்மைகளையும், குடும்பத்தாரின் குரலைக் காத்துவைத்தலையும் அப்பட்டியலில் சேர்த்தார். அவ்விரண்டு பயனும் இன்று ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்துள்ளன.

செர்மனியின் டூசல்டோர்ஃப் நகர நிறுவனம் ஒன்று 2016-ஆம் ஆண்டு ‘டோனிபாக்ஸ்’ என்னும் பெட்டியை வெளியிட்டது. அதன்மேல் ஒரு சிறு பொம்மையை வைத்தால் பாட்டோ கதையோ ஒலிக்கும். இங்கிலாந்தில் தோன்றிய ‘யோட்டோ’ பெட்டியில் பொம்மைக்குப் பதிலாக அட்டையைச் செருகுவர். இரண்டிலும் காணொளி ஓடும் திரை கிடையாது. எழுத்தறியாப் பிள்ளையும் தானே இயக்கலாம்.

பொம்மைக்குள் பாட்டு அடங்கியிருப்பதாகப் பெற்றோர் பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பொம்மையிலும் அட்டையிலும் உள்ளது ஓர் அடையாளச் சில்லே. பெட்டி அவ்வடையாளத்தை அறிந்து, அதற்குரிய ஒலியை இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணினியிலிருந்து பெற்றுத் தன்னுள் சேமித்துக்கொள்கிறது. ஆகவே முதன்முறை மட்டும் வைஃபை இணைப்பு வேண்டும். பின்னர் இணையம் இல்லாத இடத்திலும் பெட்டி பாடும். தோட்டப்புறத்துப் பாட்டி வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டு வருவோர், புறப்படுமுன்பே ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.

நிறுவனங்கள் விற்கும் பாட்டும் கதையும் பெரிதும் ஆங்கிலம், செர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளிலேயே உள்ளன. ஆயினும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. ‘கிரியேட்டிவ் டோனி’ என்னும் பொம்மையில் 90 நிமிடம் வரை நம் ஒலியை ஏற்றலாம். யோட்டோவிலும் நாமே நிரப்புதற்குரிய வெற்றட்டை உண்டு. மூன்று நிமிடப் பாட்டுப் பத்து, பத்து நிமிடக் கதை நான்கு, எஞ்சிய இருபது நிமிடத்திற்குத் தாலாட்டு என வகுத்தால் ஒரு பொம்மை நிறைந்துவிடும்.

இனி, செய்முறையைக் காண்போம். தனிக்கருவி வேண்டுவதில்லை, கைப்பேசியே போதும். காற்றாடியை நிறுத்துக. அழைப்பு வாராதபடி கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்துப் பாடுவோர் வாயினின்று ஒரு சாண் தொலைவில் நிறுத்துக. சுவரும் சிமெண்டுத் தரையும் ஒலியை எதிரொலிக்கும்; திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறையே ஏற்றது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனிக் கோப்பாகப் பதிந்து, எம்பி3 வகைக்கு மாற்றி, 01, 02 என எண்ணிட்டுப் பெயர் சூட்டுக. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் போதும். பின்னர் நிறுவனத்தின் செயலியில் வெற்றுப் பொம்மையையோ அட்டையையோ தெரிந்தெடுத்துக் கோப்புகளை ஏற்றுக. டோனிபாக்ஸாயின், பொம்மையை மேலே வைத்துப் பெட்டியின் ஒரு காதைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் புதிய ஒலியைப் பெற்றுக்கொள்ளும்.

ஈண்டு மூன்று எச்சரிக்கைகள் வேண்டும்.

முதலாவது, செவி நலம். பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் அளவு ஒலி வாரத்திற்கு 40 மணி நேரத்தை மிஞ்சலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. பெட்டியின் உச்ச ஒலியைச் செயலியிலேயே கட்டுப்படுத்திவிடலாம்.

இரண்டாவது, உரிமை. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்தபின்னும் 50 ஆண்டுக்காலம் நூலுரிமை நிற்கும். 1921-இல் மறைந்த பாரதியார் பாடல்களையும், 1954-இல் மறைந்த கவிமணியின் பாடல்களையும் நாமே பாடிப் பதியத் தடையில்லை. 1989-இல் மறைந்த அழ. வள்ளியப்பாவின் பாடல்களுக்கு இன்னும் உரிமை உண்டு. பாடல் உரிமை நீங்கியதாயினும், அதனை ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனியுரிமை உண்டு என்பதையும் மறத்தலாகாது. பாட்டி வழிவழியாகப் பாடிவரும் தாலாட்டுக்கோ இத்தகைய இடர் இல்லை.

மூன்றாவது, காப்பு. ஏற்றிய ஒலி பிறர் கணினியில் இருக்கிறது. அந்நிறுவனம் நாளை தொழிலை நிறுத்தினால் அதுவும் மறையக்கூடும். ஆகவே வெட்டித் திருத்தாத மூலப்பதிவை விரலி இரண்டில் வைத்துக்கொள்க. பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்னும் செய்திகளை அப்பதிவின் தொடக்கத்திலேயே சொல்லச் செய்க. பிள்ளைக்கு அது வெறும் பாட்டு. பின்னாளில் ஆராய்வோர்க்கு அதுவே சான்று.

நிற்க. கடையில் கிடைக்கும் தமிழ்ப் பாட்டுகளே போதாவோ என்று சிலர் வினவலாம். அவையும் வேண்டும். ஆயினும் அவற்றில் நம் வீட்டு வரலாறு இராது. என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்; மாலையில் ஏணை ஆட்டிப் பாடுவார். தண்டல் அதட்டியதும், மழை பெய்து வேலை நின்றதும், பால் வாளி சுமந்ததும் அப்பாட்டில் வரும். அச்சேறிய நூல் எதிலும் அது கிடையாது. அவர் மறைந்தபின், என் பேத்தியின் பெட்டியில் அத்தாலாட்டை ஏற்ற எண்ணி அமர்ந்தேன். நினைவுக்கு வந்தவை இரண்டே அடிகள். பல்லாண்டுகளாகக் கைப்பேசி என் சட்டைப்பையிலேயே இருந்தது. அம்மாவைப் பாடச் சொல்லிப் பதிய வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவ்விரண்டடியையும் யானே பாடி ஏற்றினேன். பேத்தி அதனைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அடுத்த அடி என்னவென்று என்னைக் கேட்கிறாள்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணுதல் வேண்டும். பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, லயங்கள் கலைந்தன, அங்குப் பாடியவர்களும் ஒவ்வொருவராக மறைகின்றனர். வரும் பள்ளி விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரின் பாட்டொன்றைப் பதிந்து வருமாறு பணிக்கலாம். விலையுயர்ந்த பெட்டி இல்லாத வீடுகளில் விரலி செருகும் எளிய ஒலிபெருக்கியே போதும். முதியவர் குரல் இருக்கும்போதே அதனைப் பதிந்துகொள்வோமாக.