உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானில் 40 வயதிலேயே முதுமைக்குச் சந்தா

1973இல் ஜப்பான் 70 வயது கடந்தோருக்கு இலவச மருத்துவம் தந்தது. பராமரிப்பு இல்லங்கள் போதாததால், சிகிச்சை முடிந்த பின்னும் பலர் மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தார்கள். இல்லம் கட்டாமல் மிச்சம் பிடித்த பணம் மருத்துவமனைச் செலவாக வந்து நின்றது. இதுவும் ஒரு காரணமாக, 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதிலிருந்து எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். சேவைக் கட்டணத்தில் பெரும்பாலோர் தருவது 10 சதவீதம். மீதியில் சந்தா பாதி, வரிப்பணம் பாதி. பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதல்ல, முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதே அளவுகோல். இது சரியான அளவுகோல்.

இப்படி உதவி கிடைத்தால் பிள்ளைகள் பெற்றோரைக் கைகழுவிவிட மாட்டார்களா? கவலை நியாயமானதுதான். ஆனால் இக்காப்பீட்டைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே உதவி பெறுகிறார்கள். பொது நிதியில் நடக்கும் சிறப்பு இல்லங்களில் 2015 முதல், ஐந்து பராமரிப்பு நிலைகளில் மூன்றாம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களையே பொதுவாகச் சேர்க்கிறார்கள்.