கன்றுக்குள் ஒளிந்து வரும் வைரஸ்

தாமிரபரணிப் பாசனத்தில் ஆழ்வார்திருநகரி, ஏரல் வட்டாரங்களில் வாழை முக்கியப் பயிராகும். கன்று வாங்கும்போது விவசாயி பார்ப்பது கிழங்கின் பருமனையும் கூன்வண்டுத் துளையையும்தான். முடிக்கொத்து நோயின் வைரஸ் உள்ளே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. உரமும் நீரும் கொடுத்து மாதங்கள் சென்றபின் இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும். இளமையில் நோய் கண்ட மரம் குலை தள்ளாது. குத்தகை மட்டும் கட்டியாக வேண்டும்.

1940-ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து கேரளப் பகுதிக்கு வந்த இந்நோய், பின்னர் பழனி மலைச்சரிவின் மலைவாழைத் தோட்டங்களையும் சீரழித்தது.

இவ்வைரஸின் குறுக்களவு 18 முதல் 20 நானோமீட்டர். ஏறத்தாழ 50 ஆயிரம் துகள்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கியுள்ள இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒளி அலையின் இயல்பு அது. இந்த எல்லையைத் தாண்டிய ஒளிர் நுண்ணோக்கி முறைகளுக்கு 2014-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில், ஒளிரும் சாயமேற்றிய டி.என்.ஏ. துணுக்குகளை வைரஸ் துகள்மீது ஒட்டவைத்துப் படமெடுத்தனர். ஒளிப்புள்ளிகளின் அளவையும் பிரகாசத்தையும் கணினிக்குப் பழக்கியதும், இன்ஃபுளுயன்சா எது, கொரோனா எது என்று அது சில நிமிடங்களில் பிரித்துச் சொன்னது. வாழை வைரஸோ கொரோனாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. இலைச்சாற்றில் கசடும் அதிகம். ஆகவே அக்கருவி நாளையே கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கு வந்துவிடும் என எண்ணலாகாது.

கணினியின் உதவி வேறு வழியில் வந்துள்ளது. ஆப்பிரிக்காவிலும் தமிழ்நாட்டிலும் எடுத்த சுமார் 18 ஆயிரம் வாழைப் படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட 'துமைனி' என்னும் கைப்பேசிச் செயலி 2019-இல் வெளியானது. ஆனால் அது அறிகுறியைத்தான் பார்க்கும், வைரஸை அல்ல. அறிகுறி தோன்றாத கன்றில் எலிசா, பி.சி.ஆர். சோதனைகளே துணை. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு இச்சோதனை உண்டு. எனவே, வைரஸ் சோதனைச் சான்று பெற்ற கன்றா என்று கேட்டே வாங்க வேண்டும்.

பக்கக்கன்று நடுவோர், இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் தந்திக் குறிபோலப் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சை தெரிகிறதா எனப் பார்க்கவும். தெரிந்தால் உடனே வெட்டக் கூடாது. மரம் வாடினால் அசுவினி அடுத்த மரத்துக்குப் பெயரும். முதலில் பரிந்துரைக்கப்பட்ட பூச்சிமருந்து தெளித்து அசுவினியைக் கொன்று, அதன் பின்னரே கிழங்கோடு தோண்டித் துண்டாக்கிப் புதைக்க வேண்டும். அத்தூரிலிருந்து எந்தக் கன்றையும் எடுக்கலாகாது, உறவினர் கேட்டாலும்.