மேசை நடுவில் பூசணி

குளிர்காலப் பூசணி என்று பெயர், விளைவது கோடையில். தோல் தடிப்பானதால் இலையுதிர்காலத்தில் பறித்து மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஐரோப்பியர் வருமுன்பே வட அமெரிக்காவின் இரோகுவா இனப் பெண்கள் சோளத்துடனும் போஞ்சியுடனும் பூசணியைப் பயிரிட்டார்கள்.

கனடாவில் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். விருந்தில் வான்கோழிக்கே முதலிடம். ரொறன்ரோவில் அக்காவுடன் வாழும் எங்கள் அம்மா மச்சம் சாப்பிடுவதில்லை. அன்று சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு குசினிக்குள் ஒதுங்கிவிடுவார். வீட்டார் அன்பில்லாதவர்கள் அல்லர். மேசையில் அவருக்கென்று எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். 2023இல் அக்கா நிரப்பிய பூசணியை மேசை நடுவில் வைத்தார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். பேரப்பிள்ளைகள் அவரிடமே பங்கு கேட்டார்களாம்!

செய்முறை எளிது. சிறிய பூசணியை இரண்டாகப் பிளந்து விதைகளை வழித்தெடுங்கள். எண்ணெய், உப்பு, மிளகுதூள் பூசி, வெட்டிய பக்கம் கீழிருக்க 200 பாகை செல்சியஸில் 40 நிமிடம் அவணில் வையுங்கள். வெங்காயம், காளான் வதக்கி, சோறு, அவித்த கடலை, கஜு, கிரான்பெரி வற்றல் சேர்த்துப் பிரட்டிக் குழியில் நிரப்பி, மேலும் 15 நிமிடம் வேகவிடுங்கள். அக்கா பெருஞ்சீரகத்தூளும் போடுவார். கனடியர் போடமாட்டார்கள், ஆனால் ருசி அதில்தான். கிரான்பெரிக்குப் பதில் பிளம்ஸ் போதும். அவண் இல்லாதவர்கள் ஆவியில் அவிக்கலாம். மேற்பக்கம் மட்டும் சிவக்காது.