இரு மொழிகளில் ஒரு சொல்

ஆங்கிலம் அறிந்த ஒருவர் ஸ்பெயின் நாட்டுத் தெருவில் நடந்தால், ‘ஹாஸ்பிடல்’ என்னும் சொல்லை அதே எழுத்துகளில் காண்பார். ஒலிப்புதான் மாறும், ஸ்பானியர் முதலெழுத்தை ஒலிக்காமல் ‘ஒஸ்பிதால்’ என்பர். ‘அனிமல்’, ‘டாக்டர்’ ஆகியவையும் இத்தகையனவே.

ஸ்பானிய மொழி இலத்தீனின் வழித்தோன்றல். ஆங்கிலமோ ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும், 1066இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டு அரசவையில் பிரெஞ்சு மொழி இடம்பெற்றது. அதன் வழியாகவும் கற்றோர் பயின்ற இலத்தீன் வழியாகவும் ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துள் புகுந்தன.

வேறு சில சொற்கள் கடல் கடந்தவை. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியர் பெற்ற ‘தொமாத்தே’, ஆங்கிலத்தில் ‘டொமேட்டோ’ ஆயிற்று. தமிழின் கட்டுமரமும் ஆங்கிலத்தில் ஏறி, ஸ்பானியத்திலும் ‘கத்தமரான்’ என வழங்குகிறது.

ஆயினும் உருவ ஒற்றுமையை முழுதும் நம்பலாகாது. ‘ரோப்பா’ என்பது ஆங்கில ‘ரோப்’ போலக் கயிறன்று, ஆடை. ‘எக்சிதோ’ என்பது வெளியேறும் வழியைக் குறிக்கும் ‘எக்ஸிட்’ போலத் தோன்றும், பொருளோ வெற்றி. இவ்விரண்டும் ஒரே இலத்தீன் சொல்லில் பிறந்தவை என்பதே வியப்பு. அச்சொல்லுக்கு வெளியேறுதல், விளைவு என இரு பொருள்கள் உண்டு. ஆங்கிலம் முன்னதைப் பற்றிக்கொண்டது. ஸ்பானியம் பின்னதை ஏற்று, அதனை நல்விளைவு ஆக்கிற்று. ஸ்பெயினில் திரையரங்கு ஒன்றில் தீப்பற்றினால், கதவின்மேல் தேட வேண்டிய சொல் ‘சலீதா’.