ஊன்றுகோலாகும் தொழில்நுட்பம்

முதுமை நோயன்று, அது வாழ்வின் இயல்பான ஒரு பருவம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 10 கோடிக்கும் மிகுதியாக இருந்தனர். ஆயுள் நீண்டால் மட்டும் போதாது. நீண்ட ஆண்டுகளைப் பிறரை எதிர்பாராமல் வாழும் ஆற்றலும் வேண்டும். இதனைக் கருதியே ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான காலத்தை 'நலமான முதுமைக்கான பத்தாண்டு' என அறிவித்தது. இம்முயற்சிக்குத் தொழில்நுட்பமும் துணைநிற்கிறது.

வீட்டிலேயே கண்காணிப்பு

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. அதனால் அதனை அளந்தே அறிய வேண்டும். மின்னணு இரத்த அழுத்தமானியின் பட்டை, மேற்கையில் காற்றால் நிரம்பித் தமனியை அழுத்துகிறது. காற்று மெல்லக் குறையும்போது தமனியில் எழும் அதிர்வுகளைக் கருவி உணர்ந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, கை இதயத்தின் மட்டத்தில் இருத்தல் நன்று. அளக்கும்போது பேசுதல் கூடாது. நாள்தோறும் குறித்து வைத்த அளவுகள் மருத்துவரின் முடிவுக்கு உதவும். ஆயினும், அளவைப் பார்த்துத் தாமாகவே மருந்தைக் கூட்டுவதோ நிறுத்துவதோ தவறாகும்.

தொலைவைக் குறைக்கும் சேவைகள்

மூட்டுவலி உடைய முதியவர் நகர மருத்துவமனைக்குச் சென்று வருவது கடினம். இக்குறையைப் போக்க, நடுவண் அரசு 2019ஆம் ஆண்டு 'இ-சஞ்சீவனி' என்னும் தொலைமருத்துவச் சேவையைத் தொடங்கியது. ஊரில் உள்ள நலவாழ்வு மையத்திலிருந்தே முதியவர் காணொலி வழியாக மருத்துவருடன் பேசலாம். 2023ஆம் ஆண்டுக்குள் இதன்வழி 10 கோடி ஆலோசனைகள் நிறைவுற்றன. எனினும் நெஞ்சுவலி, திடீரெனக் கைகால் செயலிழத்தல் போன்ற நிலைகளில் காணொலிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நேரில் சென்று உயிர்வாழ் சான்று அளிக்கும் நிலை முன்பு இருந்தது. 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஜீவன் பிரமாண்' திட்டம் இதனை மின்னணு முறைக்கு மாற்றியது. முதுமையில் கைரேகை தேய்வதால், ரேகைக் கருவி சிலரை அடையாளம் காணத் தவறியது. 2021இல் வந்த முகம் அறியும் முறை இக்குறைக்கு மாற்றாக அமைந்தது. திறன்பேசி இருந்தால் வீட்டிலிருந்தே சான்று அளிக்கலாம்.

உடலும் உள்ளமும்

முதியோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் மேற்கொள்ள வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. திறன்பேசியில் உள்ள அடிக்கணிப்பான் நடந்த அளவைக் காட்டி ஊக்கமளிக்கும். தனிமையும் உடல்நலத்தைக் கெடுக்கும். பணிமாறுதலால் பிள்ளைகள் வெளிமாநிலங்களில் வாழும் குடும்பங்களில், காணொலி அழைப்பு தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் இணைக்கிறது. உதவியும் வழிகாட்டலும் வேண்டும் முதியோர் 14567 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

தடைகளும் தீர்வும்

சிறிய எழுத்து, அறியாத மொழி, கைந்நடுக்கம், பணம் பறிபோகுமோ என்னும் அச்சம் ஆகியவை முதியோரைத் தயங்கச் செய்கின்றன. எழுத்தைப் பெரிதாக்குதல், திரையின் மொழியைத் தாய்மொழிக்கு மாற்றுதல், குரல்வழித் தேடலைப் பழக்குதல் ஆகியவற்றால் பாதித் தடை நீங்கும். ஒருமுறைக் கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் கூறலாகாது. பணம் ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. மருத்துவரிடம் முன்பதிவு செய்வது எப்படி என்று தாத்தா கேட்கிறார். பேரன் திறன்பேசியை வாங்கி ஒரு நிமிடத்தில் முடித்துத் தருகிறான். வேலை முடிந்தது, ஆனால் தாத்தா எதையும் கற்கவில்லை. அடுத்த முறையும் அவர் பிறருக்காகக் காத்திருக்க வேண்டும். மாறாக, கருவியை அவர் கையிலேயே விட்டு, ஒவ்வொரு படியையும் நிதானமாகக் கூறி, அவரே செய்யும்வரை அருகில் இருப்பதே உண்மையான உதவி. அதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். மறந்து மீண்டும் கேட்கவும் கூடும். அப்போது சலிப்படையாமல் ஒரு தாளில் படிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதேபோல், முதியவரின் இசைவின்றி அவர் அறையில் கண்காணிப்புக் கருவி பொருத்துவதும் அவர் நலம் பேணுவதாகாது.

ஊன்றுகோல் நடப்பவருக்குத் துணை; அது அவருக்காக நடப்பதில்லை. தொழில்நுட்பமும் அத்தகையதே. முதியவரின் முடிவையும் மதிப்பையும் அவரிடமே விட்டுவைக்கும்போதுதான் அது நலமான முதுமைக்குத் துணையாகிறது. நடைபழகிய நாளில் கைப்பிடித்தவர்களுக்குத் திரையைப் பழக்குவது இளையோரின் கடமையாகும்.

வினாக்கள்

1. இரத்த அழுத்தம் அளக்கும்போது பின்பற்ற வேண்டியவை யாவை?
2. முகம் அறியும் முறை ஓய்வூதியம் பெறுவோருக்கு எவ்வாறு உதவுகிறது?
3. 'செய்து கொடுப்பதினும் கற்றுக் கொடுப்பதே உதவி' என்னும் கருத்தை உங்கள் வீட்டு நிகழ்வு ஒன்றைக் கொண்டு விளக்குக.