இரைச்சலும் இயந்திரமும்: கைத்தொழில் இசையில் மொடியூலர் சிந்தசைசர்

பௌதிகவியல் சீரான அதிர்வையும் சீரற்ற அதிர்வையும் வேறுபடுத்துகின்றதெனினும், இவற்றுள் எது கலைக்குரியது என்பதைத் தீர்மானிப்பது சமுதாயமே. ஆலையின் ஓசையும் இசையாதல் வேண்டுமென 1913இல் இத்தாலியரான லூயிஜி ருசோலோ வாதிட்டு, அதற்கெனக் கருவிகளையும் அமைத்தார். அவர் சார்ந்திருந்த எதிர்காலவாத இயக்கம் போரைப் போற்றிய இயக்கம் என்பதும் மறத்தற்குரியதன்று. இம்முரண்பாடு பின்வந்தோரையும் தொடர்ந்தது.

1960களில் அமெரிக்காவில் றொபேட் மூக், டொன் புக்லா ஆகியோர் தனித்தனியே உருவாக்கிய மொடியூலர் சிந்தசைசர், ஒவ்வொன்றும் ஒரு தொழிலையே செய்யும் பல அலகுகளின் கூட்டாகும். அலையியற்றி ஒலியைப் பிறப்பிக்கும். வடிகட்டி அதன் ஒரு பகுதியை நீக்கும். விரியலாக்கி அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும். இவற்றை எவ்வொழுங்கில் இணைப்பது என்பது இசைஞர் கையிலுள்ள வடங்களைப் பொறுத்தது. ஒலியாக ஓடுவதும் மின்னழுத்தம், ஒலியை ஆள்வதும் மின்னழுத்தம் என்பதே இதன் நுட்பம். ஆதலால் எதையும் எதனோடும் இணைத்தல் கூடும்.

செக்கனுக்கு இரண்டு மூன்று முறை அதிரும் அலையொன்றை விரியலாக்கிக்குக் கொடுத்தால், ஒலி துண்டு துண்டாக அறுபட்டு, பொறியின் அடி போலக் கேட்கும். அதே அலையின் வேகத்தைச் செக்கனுக்கு இருபதுக்கு மேல் உயர்த்திச் செல்கையில் அடிகள் மறைந்து, கரகரப்பான புதிய சுரங்கள் எழுகின்றன. இரு ஒலிகளைப் பெருக்கும் றிங் மொடியுலேற்றரில் 440, 310 ஹேட்ஸ் கொண்ட இரு எளிய அலைகளைச் செலுத்தினால் அவ்விரண்டும் மறைந்து, கூட்டுத்தொகையான 750உம் வேறுபாடான 130உமே வெளிப்படும். பழகிய சுரவுறவு எதுவும் இவற்றிடையே இல்லை. உலோகத்தைத் தட்டியது போன்ற ஒலி இவ்வாறே பிறக்கின்றது. வெளியீட்டை மீண்டும் உள்ளீட்டுக்கே திருப்பினாலோ, கருவி தன் கட்டுப்பாட்டைத் தானே இழக்கத் தொடங்கும். செவ்விய ஒலிப்பதிவு பிழையெனக் களைவதை இரைச்சலிசை விரும்பித் தேடுகின்றது.

இலண்டனில் 1975இல் தோன்றிய த்ரொபிங் கிறிசில் குழு இதற்குத் தக்க சான்று. மூக்கின் கருவி வசதிபடைத்த ஒலிக்கூடங்களுக்கே எட்டுவதாயிருந்த காலத்தில், அக்குழுவின் கிறிஸ் காட்டர் தம் கருவிகளைத் தாமே அமைத்தார். மின்னியற் சஞ்சிகையொன்றில் 1975இல் வெளிவந்த கிற்றார்க் கருவியின் சுற்று வரைபடமே அவர் கையில் 'கிறிசிலைசர்' ஆயிற்று. மெதுவான அலையொன்று வடிகட்டியையும் விரியலாக்கியையும் ஆட்டிவைப்பதற்கு மேலாக அதில் எதுவுமில்லை. குரலும் கிற்றாரும் அதனூடே சென்று அடையாளமிழந்தன. உற்பத்திச் சாதனத்தைத் தாமே ஆக்கியும், 1976இல் இண்டஸ்ரியல் றெக்கோட்ஸ் எனும் சொந்த வெளியீட்டகத்தை நிறுவியும், இசை வணிகத்தின் பிடியிலிருந்து அவர்கள் விலகி நின்றமை பாராட்டத்தக்கது.

எனினும், அவ்வெளியீட்டகத்தின் இலச்சினையாக ஒளஷ்விற்ஸ் வதைமுகாமின் படத்தைக் கொண்டமையை அவ்வாறு கொள்வதற்கில்லை. கைத்தொழில் நாகரிகத்தின் இறுதி விளைவைச் சுட்டவே அதனைக் கையாண்டனர் என்பர். ஆயின், யார் யாரைக் கொன்றனர் என்னும் வரலாறு அங்கே அதிர்ச்சிப் பொருளாகச் சுருங்கிவிடுகின்றது. அவர்களது ஆலையில் பொறியின் ஓசை உண்டு, தொழிலாளி இல்லை.

குழு 1981இல் கலைந்தது. அதே ஆண்டு இலண்டனில் தோன்றிய ரெஸ்ற் டிப்பாட்மென்ற் குழுவினர், 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தென்வேல்ஸ் வேலைநிறுத்தத் தொழிலாளரின் பாடகர் குழுவுடன் சேர்ந்து இசைத்து இசைத்தட்டும் வெளியிட்டனர். அவர்கள் பெரிதும் கையாண்டது சிந்தசைசரை அன்று. கைவிடப்பட்ட இரும்புத் துண்டுகளையே தட்டினர்.