காற்றாலையும் காலுறை எலியும்

இங்கிலாந்துக் கிராமங்களில் ஜூன் பிறந்துவிட்டால் விழாக் காலம் களைகட்டிவிடும். ஏதாவது ஒரு சனிக்கிழமை பிற்பகல், தேவாலயத்துப் புல்வெளியிலோ ஊர்க் கிரிக்கெட் மைதானத்திலோ தோரணம் கட்டி, கூடாரம் அடித்து, பெரிய பாத்திரத்தில் தேநீருக்கு வெந்நீர் போட்டுவிடுவார்கள். வீட்டில் செய்த கேக், ஜாம், படித்து முடித்த புத்தகங்கள், நாற்றுச் செடிகள் எல்லாம் மேசைக்கு வரும். வசூலாகும் பணம் தேவாலயக் கூரையைச் செப்பனிடவோ ஊர்ப் பொதுக்கூடத்துக்கு வெள்ளையடிக்கவோ போகும். 'வில்லேஜ் ஃபேட்' என்று இந்த விழாவுக்குப் பெயர்.

கூடாரத்துக்கு அப்பால் விளையாட்டுக் கடைகள். தேங்காயைப் பந்தால் அடித்து வீழ்த்துவது, குழாயிலிருந்து விழும் துணி எலியை மட்டையால் அடிப்பது, கேக்கின் எடையைப் பார்த்தே சொல்வது என்று ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஊர்க்காரர்களே கைவேலையாகச் செய்து வைத்தது. விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்கள் வழியில் நின்று ஆடிவிட்டுப் போகும் இன்னொரு இடமும் உண்டு. அது மினி கோல்ஃப் திடல்; காற்றாலை, பாலம், சுரங்கம் என்று விதவிதமான தடைகள் வைத்திருந்தால் 'கிரேஸி கோல்ஃப்' என்பார்கள்.

இரண்டையும் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் நிறைய இழக்கிறார்கள். பழைய மரப் பலகை, குழாய், செங்கல், கொஞ்சம் வர்ணம் ஆகியவற்றைக் கொண்டு மனிதரின் கண்ணையும் கையையும் கணிப்பையும் சோதிக்கும் அருமையான கருவிகள் இங்கே செய்யப்பட்டிருக்கின்றன. ஐந்து வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே களத்தில் மோதிக்கொள்ளும்படி அவற்றின் கடினம் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவுக்குப் பின்னால் இருப்பது இயற்பியல்.

மினி கோல்ஃபின் வேர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1867இல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு 'புட்டிங்' சங்கம் தொடங்கினார்கள். மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்குவது பெண்ணுக்கு அடக்கமில்லை என்று சொல்லிவந்த காலம் அது. பந்தைத் தரையோடு தரையாகத் தட்டி உருட்டும் புட்டிங்குக்குத்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அவர்கள் ஆடிய மேடும் பள்ளமுமான புல்திடல் 'ஹிமாலயாஸ்' என்ற பெயரோடு இன்றும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

தடைகள் வைத்த திடல் பெரிய மோகமாக வெடித்தது அமெரிக்காவில். அங்கே லுக்அவுட் மலையில் கார்னட் கார்ட்டர் என்பவர் 1920களின் இறுதியில் 'டாம் தம்ப்' என்ற திடலை அமைத்தார். உள்ளே குடைந்த மரத்தண்டுகளும் குள்ளர் சிலைகளும் பந்தின் வழியை மறித்தன. புல் வளர்த்துப் பராமரிப்பது பெரும் செலவு. அதற்கும் ஒரு வழி பிறந்திருந்தது: தாமஸ் ஃபேர்பேர்ன் என்பவர் 1922இல் பருத்திக்கொட்டையின் தோலை மணல், எண்ணெய், சாயம் ஆகியவற்றோடு கலந்து செயற்கைத் தரை ஒன்றை உருவாக்கினார். இனி புல்லே வேண்டாம், ஒரு காலி மனை இருந்தால் போதும் என்றானதும் திடல்கள் நகரங்களெங்கும் முளைத்தன. 1930இல் அந்த மோகம் உச்சத்தைத் தொட்டது.

விளையாட்டின் நெஞ்சுப் பகுதி அந்தக் குழிதான். வழக்கமான கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 42.7 மில்லிமீட்டர். குழி பந்தைவிட இரண்டரை மடங்கு அகலம். பிறகு ஏன் பந்து குழியின் மேலேயே ஓடிக் கடந்துவிடுகிறது? குழியின் விளிம்பைத் தாண்டிய கணத்திலிருந்து பந்து கீழே விழத் தொடங்குகிறது. எதிர்ப்பக்க விளிம்பில் முட்டுவதற்குள் அது தன் விட்டத்தில் பாதியளவாவது இறங்கியிருந்தால் நிச்சயமாகக் குழிக்குள் அகப்படும். அவ்வளவு தூரம் விழ ஆகும் நேரம் 0.066 நொடி. அதற்குள் பந்து முன்னேறக்கூடிய தூரம், குழியின் விட்டத்திலிருந்து பந்தின் ஆரத்தைக் கழித்தால், 87 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் வேகம் நொடிக்கு 1.3 மீட்டர் என்று வரும். மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைவிடக் கொஞ்சம் வேகமாக வரும் பந்தும் பின்விளிம்பில் மோதி எம்பிக் குழிக்குள் விழுவதுண்டு. ஆனால் குழியின் நடுவை விட்டு ஓரமாக வந்தால் இந்தச் சலுகை சட்டென்று சுருங்கிவிடும். பலத்தைக் காட்டுபவர் தோற்பதும் மெல்லத் தட்டும் குழந்தை ஜெயிப்பதும் இந்த 1.3 மீட்டரால்தான்.

அடுத்தது சுவர். வளைந்து போகும் தடத்தில் குழி நேராகத் தெரியாது. செங்கல் விளிம்பில் பந்தை மோதவிட்டுத் திருப்ப வேண்டும். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அதே கோணத்தில் பந்தும் திரும்பும் என்று நினைத்துக் குறிவைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். மோதலில் பந்து, சுவரை நோக்கி வந்த வேகத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. போதாக்குறைக்கு, உருண்டு வந்த சுழற்சி மோதிய பிறகும் அதைச் சுவர்ப்பக்கமே இழுக்கிறது. ஆகவே பந்து எதிர்பார்த்ததைவிடச் சுவரை ஒட்டியே ஓடும். குறியைக் கொஞ்சம் முன்னாலேயே வைக்க வேண்டும்.

காற்றாலைத் தடைதான் கிரேஸி கோல்ஃபின் அடையாளச் சின்னம். குட்டி ஆலையின் கீழே ஒரு வாசல். அதன் குறுக்கே இறக்கைகள் சுழன்றுகொண்டே இருக்கும். புதிதாக வருபவர் வாசல் திறக்கும்வரை காத்திருந்து, திறந்ததும் தட்டுவார். பந்து போய்ச் சேரும்போது அடுத்த இறக்கை வந்து அதைத் தள்ளிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு இறக்கைகள், நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் 1.5 நொடிக்கு ஒரு முறை வாசல் மறையும். தட்டிய பந்து வாசலை அடைய 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இறக்கை வாசலைக் கடந்து கால் நொடி ஆனதும் தட்டினால், பந்து போய்ச் சேரும் கணத்தில் இரண்டு இறக்கைகளுக்கு நட்டநடுவே இடைவெளி இருக்கும். அதாவது, இப்போது வாசல் எப்படி இருக்கிறது என்பதைக் கண் பார்க்க, 2 நொடி கழித்து எப்படி இருக்கும் என்பதை மனம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் தட்டக் கை பழகினால்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் 2003 முதல் உலக கிரேஸி கோல்ஃப் போட்டி நடந்துவருகிறது. அங்கே சாதாரண கோல்ஃப் பந்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ஐரோப்பியக் கண்டத்தின் மினி கோல்ஃப் மரபு வேறு. சுவிட்சர்லாந்தின் பால் போங்னி வகுத்த அளவுகளின்படி 1954இல் அஸ்கோனாவில் முதல் திடல் திறக்கப்பட்டது. 18 தடங்களும் ஒழுங்கான அளவு கொண்டவை. அந்த மரபில் வந்த ஆட்டக்காரர்கள் துள்ளலிலும் கடினத்திலும் எடையிலும் வேறுபட்ட பந்துகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார்கள். குளிர்ந்த பந்து குறைவாகத் துள்ளும் என்பதால் சிலர் பந்தைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டே ஆடுவதும் உண்டு.

இனி ஊர் விழாவின் பக்கம் வருவோம். தென்னையே வளராத நாட்டில், விக்டோரியா காலத்திலிருந்து விழாக்களின் பெரும்பரிசு தேங்காய். கம்பத்தின் உச்சியில் கிண்ணம் போன்ற ஒரு தாங்கியில் உரித்த தேங்காய் உட்கார்ந்திருக்கும். மரப் பந்தால் அடித்து வீழ்த்தினால் தேங்காய் உங்களுக்கு. பந்து பட்டால் மட்டும் போதாது. கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டித் தேங்காய் எழும்பிச் சாய வேண்டும். மேற்பாதியில் முழு வேகத்தோடு மோதும் பந்துக்கே அது சாத்தியம். உரசிப் போகும் பந்துக்குத் தேங்காய் ஆடிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். கிண்ணம் எவ்வளவு ஆழமோ, கடைக்காரருக்கு அவ்வளவு லாபம்.

இதற்கு அக்கா முறை 'ஆன்ட் சாலி'. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் மதுக்கடைத் தோட்டங்களில் முறையான லீக் போட்டிகளாகவே இன்றும் நடக்கிறது. 10 கஜ தூரத்தில், இரும்புக் கம்பியின் மேல் 6 அங்குல உயர வெள்ளைக் கட்டை ஒன்று நிற்கும். ஆளுக்கு 6 தடிகள். கம்பியில் படாமல் கட்டையை மட்டும் தட்டிவிட வேண்டும்.

விழாவோடு காய்கறிக் கண்காட்சியும் சேர்ந்துவிட்டால் ஊரே பகைத்துக்கொள்ளும் அளவுக்குப் போட்டி சூடாகும். வட யார்க்‌ஷயரின் எக்டன் பிரிட்ஜ் கிராமத்தில் 1800 முதல் கூஸ்பெர்ரிக் கண்காட்சி நடக்கிறது. முட்புதரில் காய்க்கும் சின்னஞ்சிறு புளிப்புப் பழம் அது. டிராம், கிரெயின் என்ற பழைய எடைக் கணக்கில்தான் இன்றும் நிறுப்பார்கள். 2019இல் ஒரு பழம் 64.83 கிராம் இருந்து உலகச் சாதனை படைத்தது. கோல்ஃப் பந்துக்கு விதிப்படி அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையே 45.93 கிராம்தான். வளர்ப்பவர்களுக்குப் பெரிய எதிரி மழை: கண்காட்சிக்கு முந்தைய நாள் பெருமழை பிடித்தால், நீரை உறிஞ்சி உப்பிய பழம் தோல் வெடித்துப் போட்டியை விட்டே போய்விடும்.

டொம்போலா என்ற குலுக்கலில் பொதுவாக 0 அல்லது 5 என்று முடியும் சீட்டுக்குப் பரிசு. ஐந்துக்கு ஒன்று என்று யாரும் வாய்ப்பைக் கணக்கிட்டுவிடலாம். கேக் எடையைச் சொல்லும் போட்டி அப்படியல்ல. அறிவியலுக்கு அந்த வகைப் போட்டி உண்மையாகவே ஒரு கண்டுபிடிப்பைக் கொடுத்திருக்கிறது. 1906இல் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு கொழுத்த எருதைக் காட்டி, அதை அறுத்துச் சுத்தம் செய்த பின் இறைச்சி எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டார்கள். சீட்டு 6 பென்ஸ். சுமார் 800 பேர் எழுதிப் போட்டார்கள். ஃபிரான்சிஸ் கால்ட்டன் அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, தெளிவாக இருந்த 787ஐ ஆராய்ந்தார். எடைகளை ஏறுவரிசையில் அடுக்கியபோது நடுவில் நின்ற எண் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. பிழை ஒரு சதவீதம்கூட இல்லை. எல்லா எண்களின் சராசரியோ 1197. கால்ட்டன், திறமை பிறப்பால் வருவது என்று வாதிட்டவர். யூஜெனிக்ஸ் என்ற கேடான கொள்கைக்குப் பெயர் சூட்டியவர். சாமானியர் கூட்டத்தின் கணிப்பு இவ்வளவு துல்லியமாக இருப்பதை 1907இல் 'நேச்சர்' இதழில் அவர் கையாலேயே எழுத வேண்டியிருந்தது என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் இந்தத் துல்லியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. அப்போதுதான் கூடச் சொன்னவரின் பிழையும் குறையச் சொன்னவரின் பிழையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லோரும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதினால் முதல் பத்துப் பேரின் தவறு அடுத்த நூறு பேருக்கும் தொற்றிவிடும். கேக் மேசையில் உட்காருபவர்கள் மடித்துப் போடும் சீட்டையும் மூடிய பெட்டியையும் வைப்பதே முறை.

கடைசியாக, விழாவின் மிகச் சிறந்த கருவி: 'ஸ்பிளாட் த ராட்'. செங்குத்தான பலகையில் ஒரு குழாய். பழைய காலுறைக்குள் துணி அடைத்து, வால் தைத்த ஒரு எலி. கடைக்காரர் மேலிருந்து எலியைப் போடுவார். குழாயை விட்டு வெளியே வந்து தரையைத் தொடுவதற்குள் மட்டையால் அதைப் பலகையோடு அறைய வேண்டும். குழாய் 1.2 மீட்டர், அதன் கீழே 30 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொண்டால், எலி குழாயை விட்டு வரும்போது மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இடைவெளியைக் கடக்க அதற்கு 0.06 நொடி போதும். கண்ணில் பட்டதற்குக் கை அசையத் தொடங்கவே மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி தேவை. எலியைப் பார்த்த பிறகு அடிப்பவர் எத்தனை சுறுசுறுப்பானவராக இருந்தாலும் வெறும் பலகையைத்தான் அடிப்பார். ஜெயிக்க வேண்டுமானால் குழாயின் வாயை விட்டுவிட்டுக் கடைக்காரரின் விரல்களைப் பார்க்க வேண்டும். விரல் பிரிந்ததிலிருந்து எலி வெளியே வர அரை நொடி இருக்கிறது. மட்டையை வீச அது போதும். இந்த ரகசியம் தெரிந்த கடைக்காரர் கையைப் பலகைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் எலியைப் போடுவார்.

ஈர்ப்பு விசையையும் மனிதரின் எதிர்வினை நேரத்தையும் ஒன்றாகக் காட்டும் இதைவிட மலிவான கருவி கிடைப்பது அரிது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று யோசிக்கும் ஆசிரியர்கள் ஒரு 4 அங்குல பிவிசி குழாய், ஒரு பலகை, ஒரு பழைய காலுறை, ஒரு மட்டை இவற்றோடு தொடங்கலாம். முதலில் குழாயின் வாயை மட்டும் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். அடுத்து, போடுபவர் கையைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் எத்தனை அடி பட்டது என்று மாணவர்களையே குறித்துவைக்கச் செய்யுங்கள்.